ஒன்று, இரண்டு, தட்டு: பவேரியச் சிற்றூர் டிஸ்கோவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

சனிக்கிழமை மாலை ஷிஃப்ட் முடித்து, இரவுப் பணிக்கு வந்தவரிடம் நோயாளிகளை ஒப்படைத்துவிட்டு நான் வெளியே வரும்போது மணி ஒன்பதே முக்கால் ஆகியிருக்கும். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் கடைகள் எட்டு மணிக்கு மூடிவிடும். மறுநாள் ஞாயிறு என்பதால் திறக்கவே திறக்காது. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் விளக்கெரிவது மூன்றே இடங்களில்: மருத்துவமனை, பெட்ரோல் பங்க், ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் கார் கழுவும் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டிஸ்கோ. செவிலியாக இங்கே வந்த முதல் எட்டு மாதம் அந்த மூன்றாவது இடத்துக்கு நான் போகவேயில்லை. போன பிறகுதான் இது எனக்கும் ஊராயிற்று.

டான்யூப் கரையில் டெக்கன்டார்ஃபிலிருந்து வடக்கே செக் எல்லை வரை காட்டுக்குள் போகிறது வால்ட்பான் ரயில். அந்தத் தடத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன், இது ஆறாம் ஆண்டு. டெக்கன்டார்ஃப் கல்லூரிக்குப் படிக்கவும், சுற்றுவட்டார மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் வேலைக்கும் நம் பிள்ளைகள் தொடர்ந்து வருகிறார்கள். வந்த மூன்றாம் மாதம் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "அக்கா, இங்க இருக்கிறவங்களோட எப்படிப் பழகுறது?" அவர்களிடம் வாயால் சொல்லிச் சொல்லிப் பழகியதை இப்போது எழுதி வைக்கிறேன்.

இது பெர்லின், மியூனிக் கிளப்புகளைப் பற்றியது அல்ல. அங்கே ஒருவரை இரண்டாம் முறை பார்ப்பதே அபூர்வம். சிற்றூர் டிஸ்கோவில் அதே முந்நூறு பேர்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். ஆகவே முதல் ஆலோசனை: ஒரே இடத்துக்கு ஐந்து முறை போங்கள். முதல் முறை எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் பேச மாட்டார்கள். மூன்றாம் முறை வாசலில் நிற்பவர் தலையசைப்பார். ஐந்தாம் முறைக்குள் யாராவது பெயர் கேட்டிருப்பார்கள். முதல் இரவோடு "இவங்க ஒட்டவே மாட்டாங்க" என்று முடிவு கட்டித் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு சனிக்கிழமை பொறுத்திருக்கலாம் என்று அவர்களை நினைத்து வருந்துகிறேன்.

எந்த இரவு

சுவரொட்டியைப் பாருங்கள். இங்கே டிஸ்கோ ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி இருக்காது. தொண்ணூறுகளின் பாட்டு இரவு, மாணவர் இரவு, ஷ்லாகர் எனும் ஜெர்மன் மெல்லிசை இரவு, முப்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான இரவு என்று மாறி மாறி வரும். தனியாகப் போகும் வெளிநாட்டவருக்கு நான் சொல்வது அந்தக் கடைசி இரவைத்தான். முப்பது என்பது எங்கள் ஊரில் பெயருக்குத்தான். இருபத்தாறு வயதில் போனேன், ஒன்றும் சொல்லாமல் விட்டார்கள். அங்கே வருகிறவர்கள் நிஜமாகவே ஆட வருகிறார்கள். பத்தரைக்கே தளம் நிரம்பிவிடும், குடித்துவிட்டு இடிப்பவர்கள் குறைவு, ஜோடி ஆட்டம் தெரிந்தவர்கள் அதிகம். மாணவர் இரவில் பன்னிரண்டு வரை எல்லோரும் சுவரோரம் ஃபோனும் கையுமாக நிற்பார்கள்.

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் நள்ளிரவு வரை இருக்கலாம் என்பது இங்கே சட்டம். எங்கள் ஊரில் வாசலில் அவர்களுடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு அடிக்கும்போது அறிவிப்பு வரும், பிள்ளைகள் வரிசையாக வந்து அட்டையை வாங்கிக்கொண்டு போவார்கள், தளம் சட்டென்று காலியாகும். முதல்முறை பார்த்தபோது ஏதோ கலவரம் என்று நினைத்தேன். காலியாகும் அந்தக் கால்மணி நேரம்தான் புதிதாக ஆடக் கற்கிறவர்களுக்குப் பொன்னான நேரம். விட்டுவிடாதீர்கள்.

நாட்காட்டியையும் பாருங்கள். பவேரியாவில் ஆண்டுக்கு ஒன்பது "அமைதி நாட்கள்" உண்டு. அந்த நாட்களில் ஆட்டம் பாட்டுக்குத் தடை. புனித வெள்ளியும் அதை ஒட்டிய சனியும் முழு நாளும் தடை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பிற்பகல் 2 மணிக்குத் தடை தொடங்கும். மற்ற அமைதி நாட்களில் அதிகாலை 2 மணிக்கு. இதில் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது அக்டோபர் 31 இரவில். நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் திருநாள், அமைதி நாள். அதனால் ஹாலோவீன் வேஷத்தோடு எவ்வளவு கூட்டம் இருந்தாலும் 2 மணிக்குப் பாட்டை நிறுத்தி விளக்கைப் போட்டுவிடுவார்கள். அன்று ஒன்பதரைக்கே போய்விடுங்கள். அதற்கு மாறாக, அக்டோபர் கடைசி ஞாயிறு விடியலில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவதால் இரண்டிலிருந்து மூன்று வரையிலான நேரம் இரண்டு முறை வரும். ஓர் ஆண்டு அந்த உபரி மணி நேரத்தை வார்டில் இரவுப் பணியில் கழித்தேன், மறு ஆண்டு தளத்தில் கழித்தேன். இரண்டும் நினைவிருக்கிறது.

வாசலில்

பாஸ்போர்ட்டை எடுத்துப் போகாதீர்கள். தொலைந்தால் மியூனிக் துணைத் தூதரகத்துக்கு அலைய வேண்டும். வதிவிட அனுமதி பிளாஸ்டிக் அட்டையில் படமும் பிறந்த தேதியும் இருக்கிறது. எனக்கு இதுவரை அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. அட்டையில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நம்மில் பலருக்கு அப்பா பெயர் இருக்கும். முதல் இரவு வாசல்காரர் அட்டையைப் பார்த்து என் அப்பா பெயரைச் சொல்லி "நல்லா ஆடுங்க" என்றார். ஊரில் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். பிறகு ஒருநாள் எது என் பெயர் என்று அவருக்கு விளக்கினேன். இன்று வரை சரியாகச் சொல்கிறார்.

கட்டணம் எங்கள் ஊரில் பதினொரு மணிக்கு முன் 5 யூரோ, பிறகு 8. ரொக்கமாகச் சில்லறை வைத்திருங்கள். ஜீன்ஸ், சுத்தமான சட்டை போதும், ஜாகிங் பேண்ட்டுக்கு மட்டும் அனுமதி இல்லை. ஆகஸ்டில் திருவிழாக் காலத்தில் பாதிப் பேர் தோல் கால்சட்டையிலும் டிர்ண்டல் பாவாடையிலும் நேராகக் கூடாரத்திலிருந்து வருவார்கள். நீங்களும் அப்படி உடுத்த வேண்டியதில்லை.

தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஏழு பேராகச் சேர்ந்து போகாதீர்கள். எந்த நாட்டு ஆண்களாக இருந்தாலும் பெண்களே இல்லாத பெரிய கூட்டத்தை வாசலில் தயக்கத்தோடுதான் பார்ப்பார்கள். இரண்டு மூன்று பேராக, பத்து மணிக்கே போங்கள். அப்படியும் சில இடங்களில் முகத்தைப் பார்த்தே நிறுத்துகிறார்கள். ஒருமுறை வேறோர் ஊருக்கு வேலைத் தோழர்களோடு போயிருந்தேன். என்னை உள்ளே விட்டு, என்னோடு வந்த மலையாளி நண்பரையும் தமிழ்த் தம்பியையும் "இன்று வழக்கமான வாடிக்கையாளர்களுக்கு மட்டும்" என்று நிறுத்தினார்கள். எங்களுக்குப் பின்னால் வந்த, அந்த ஊருக்கே முதல்முறை வந்திருந்த நான்கு பையன்கள் எங்கள் கண் முன்னால் உள்ளே போனார்கள். மூவரும் ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டோம். அந்த மௌனம் தவறு என்று இப்போது நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது இது. 2006இல் வந்த சமத்துவச் சட்டம் தோல் நிறம், இனப் பூர்வீகம் காரணமாக டிஸ்கோ வாசலில் மறுப்பதைத் தடை செய்கிறது. அங்கேயே சண்டை போடாதீர்கள். நேரத்தைக் குறியுங்கள், சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், பக்கத்தில் நின்றவர் ஒருவரிடம் சாட்சிக்குத் தொடர்பு எண் கேளுங்கள். இழப்பீடு கோருவதானால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் அனுப்பிவிடுவது நல்லது, கெடு அவ்வளவுதான். கூட்டரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகம் இலவசமாக ஆலோசனை சொல்லும். ராய்ட்லிங்கன் நகரில் இப்படி நிறுத்தப்பட்ட ஓர் இளைஞருக்கு 900 யூரோ கொடுக்கச் சொல்லி 2011இல் ஸ்டுட்கார்ட் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணத்தைவிட, நடந்தது தவறு என்று ஒரு நீதிமன்றம் எழுதிக் கொடுத்தது பெரிது.

அட்டை, அங்கி, காது, செருப்பு

உள்ளே நுழைந்ததும் ஓர் அட்டை தருவார்கள். ஃபெர்ட்ஸேர்கார்ட்டே என்று பெயர். குடிப்பதை எல்லாம் அதில் குறித்து, வெளியே போகும்போது மொத்தமாக வாங்குவார்கள். அதைத் தொலைத்தால் பெரும் தொகை கேட்பார்கள். ஒவ்வொரு பானத்துக்குப் பிறகும் அட்டையை ஒரு படம் எடுத்து வையுங்கள். தொலைந்தாலும் என்ன குடித்தீர்கள் என்று காட்டலாம். குளிர் அங்கியை வாங்கி வைப்பதற்கு 2 யூரோ. எண் வில்லையை ஃபோன் உறைக்குள் வையுங்கள், பையில் போட்டால் ஆடும்போது விழுந்துவிடும். காட்டுப் பக்கத்து ஜனவரியில் மைனஸ் பத்து என்பது சாதாரணம். அங்கியைக் காசுக்குப் பயந்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் செவிலியாக எனக்குக் கோபம் வரும்.

பனிக்குப் போடும் பூட்ஸோடு ஆடாதீர்கள். ரப்பர் அடிப்பாகம் தரையைக் கவ்விக்கொள்ளும். உடல் திரும்பும், பாதம் திரும்பாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். வழுவழுப்பான அடிப்பாகம் உள்ள தட்டைச் செருப்பு ஒன்றைத் துணிப்பையில் எடுத்துப் போய், அங்கி வைக்கும் இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை.

காதும் அப்படித்தான். ஜெர்மனியின் தொழில்நுட்ப நெறி தளத்தில் சராசரி ஒலிக்கு 99 டெசிபல் என்று வரம்பு வைக்கிறது. வேலையிடக் கணக்கில் 85 டெசிபலைக் காது எட்டு மணி நேரம் தாங்கும். ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போனால் 99இல் இருபது நிமிடம்கூட மிஞ்சாது. மருந்தகத்தில் ஓரோபாக்ஸ் காதடைப்பான் கிடைக்கும், சில யூரோதான். அடைத்த பிறகு பாட்டு கேட்காதோ என்று பயப்பட வேண்டாம். அடித்தாளம் மார்பில் விழுந்துகொண்டேதான் இருக்கும், பக்கத்தில் இருப்பவர் பேச்சு இன்னும் தெளிவாகக் கேட்கும்.

குடிப்பதும் குடிக்காததும்

நான் குடிப்பதில்லை. ஆறு ஆண்டில் அதற்காக யாரும் என்னை ஒதுக்கியதில்லை. ஆப்பிள் சாறில் சோடா கலந்த ஆப்ஃபெல்ஷோர்லே, கோலாவும் ஆரஞ்சும் கலந்த ஷ்பேட்ஸி, இரண்டில் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். மது விற்கும் இடத்தில் மது அல்லாத பானம் ஒன்றாவது மிக மலிவான மதுபானத்தைவிட விலை கூடாமல் இருக்க வேண்டும் என்று உணவகச் சட்டமே சொல்கிறது. மக்கள் அதை ஆப்பிள் சாறு சட்டப்பிரிவு என்றே அழைக்கிறார்கள். கிளாஸைத் தட்டும்போது எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துத் தட்டுங்கள். கண்ணைத் தவிர்த்தால் இங்கே மரியாதைக் குறைவு. ஒருவர் உங்களுக்கு ஒன்று வாங்கினால் அடுத்த சுற்று உங்களுடையது. அந்தக் கணக்கில் நுழைய விருப்பமில்லை என்றால் முதலிலேயே "நான் வண்டி ஓட்டணும்" என்று சொல்லிவிடுங்கள். எல்லோரும் மதிக்கும் காரணம் அது.

கிளாஸை வைத்துவிட்டு ஆடப் போகாதீர்கள். திரும்பி வந்தால் அது உங்களுடையது அல்ல, புதிது வாங்குங்கள். ஒரு பெண்ணோ ஆணோ குடித்த அளவுக்குப் பொருந்தாமல் திடீரெனக் குழறினால், தள்ளாடினால், தனியாக "வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்று அனுப்பாதீர்கள். கலந்து கொடுக்கும் மயக்கத் துளிகளின் தடம் ரத்தத்தில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம், சிறுநீரில் பன்னிரண்டு மணி நேரம் அளவுக்குத்தான் இருக்கும். 112ஐ அழையுங்கள், அல்லது நேராக அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். காலையில் வந்தால் பெரும்பாலும் ஒன்றும் நிரூபிக்க முடியாது. யாராவது தொந்தரவு செய்தால் பாரில் போய் "லூயிசா இங்கே இருக்கிறாளா?" என்று கேளுங்கள். 2016இல் ம்யூன்ஸ்டர் நகரில் தொடங்கிய ஏற்பாடு இது. சேர்ந்திருக்கும் இடங்களில் கழிவறைக் கதவில் ஒட்டியிருப்பார்கள். அந்தக் கேள்விக்கு விளக்கம் கேட்காமல் உங்களைப் பின்னறைக்கு அழைத்துப் போய் டாக்சி வரவழைப்பார்கள்.

தளம்

எங்கள் டிஸ்கோவில் இரண்டு கூடம். பெரியதில் வானொலிப் பாட்டு, தனியாகக் கையைத் தூக்கிக் குதிப்பது. அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். தோளைக் குலுக்கி இறங்கி ஆடிப் பழகிய நம் உடம்புக்கு இங்கே மதிப்பு உண்டு. சின்னக் கூடத்தில் ஷ்லாகர், அதாவது கூடச் சேர்ந்து பாடத் தோதான ஜெர்மன் மெல்லிசை. அங்கேதான் டிஸ்கோஃபாக்ஸ் என்ற ஜோடி ஆட்டம் ஆடுவார்கள். அந்தக் கூடத்துக்குள் போனால்தான் ஊர் திறக்கும். பெரிய கூடத்தில் நூறு பேரோடு ஆடினாலும் நீங்கள் தனி. சின்னக் கூடத்தில் ஒருவர் கையைப் பிடித்தே ஆக வேண்டும்.

டிஸ்கோஃபாக்ஸ் 1970களில் டிஸ்கோ இசை பரவிய நாட்களில் பழைய ஃபாக்ஸ்டிராட்டிலிருந்து வந்தது. அடிப்படை இவ்வளவுதான்: ஒன்று, இரண்டு, தட்டு. நடத்துகிறவர் இடது கால் முன்னே, வலது கால் முன்னே, பிறகு இடது காலை வலதின் பக்கத்தில் கொண்டுவந்து லேசாகத் தட்டுவார், எடையை அதில் வைக்க மாட்டார். அதே இடது காலில் பின்னே, வலது பின்னே, மறுபடி இடது தட்டு. தொடர்கிறவருக்கு இது கண்ணாடியில் பார்ப்பது போல: வலது பின்னே, இடது பின்னே, வலது தட்டு. பிறகு வலது முன்னே, இடது முன்னே, வலது தட்டு. தட்டும் காலில் எடையை வைத்துவிட்டால் அடுத்த அடிக்கு அந்தக் கால் வராது, மொத்தமும் குலையும். எல்லோரும் செய்யும் ஒரே பிழை அதுதான்.

எனக்கு முதலில் கால் வரவில்லை. பாட்டு நான்கில் போகிறது, அடியோ மூன்றில் போகிறது. நான் மூன்றாவது அடிக்குப் பிறகு பாட்டுக்காக ஒரு கணம் காத்து நின்றேன், எதிரில் இருந்தவர் என் காலை மிதித்தார். எனக்குச் சொல்லித் தந்தவர் என் வார்டுத் தோழியின் அம்மா, அறுபதைத் தாண்டியவர். அவர்கள் வீட்டுச் சமையலறையில் நாற்காலியை ஒதுக்கிவிட்டு, "பாட்டைக் கேட்காதே, என் கையைக் கேள்" என்றார். கண்ணை மூடினேன். அப்போதுதான் பிடிபட்டது: சிறுவயதில் தொடையில் தாளம் போட்டுப் பழகிய அதே கணக்கு. சதுஸ்ரத்தில் ஓடும் பாட்டுக்குள் திஸ்ரத்தில் நடக்கிறோம். பன்னிரண்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழும். அந்த இடம் வரும்போது இரண்டு பேருக்கும் உடம்பு தானாக லேசாகும். அதற்காகவே நான் இன்னும் போகிறேன்.

நீங்கள் வீட்டில் ஒருவாரம் பாத்திரம் கழுவும்போது ஒன்று, இரண்டு, தட்டு என்று பழகிவிட்டுப் போங்கள். சுழற்சி எல்லாம் பிறகு வரும். தளத்தில் அடியைச் சின்னதாக வையுங்கள். தோளை இறுக்காதீர்கள், கையைத் தொங்கவிடவும் வேண்டாம். கையில் சிறிது எதிர்விசை இருந்தால்தான் நடத்துகிறவர் சொல்வது வந்து சேரும். மோதிக்கொண்டால் "ஹோப்லா" என்று சிரித்துவிட்டுத் தொடருங்கள். பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லி விலகுவது வழக்கம். ஒரு பாட்டு ஆடியதற்கு அதற்கு மேல் எந்தப் பொருளும் கிடையாது. இதைத் தம்பிகளும் தங்கைகளும் முதலிலேயே மனதில் பதித்துக்கொண்டால் பாதி மனவருத்தம் மிச்சம்.

ஆட அழைக்கும் விதம்: முன்னால் போய், கண்ணில் படும்படி நின்று, "மோக்ஸ்ட் டான்ஸ்ன்?" என்று கேளுங்கள். பவேரியப் பேச்சில் "ஆட வர்றியா?" பெண்களும் கேட்கலாம், கேட்கிறார்கள். பின்னாலிருந்து வந்து நெருங்கி ஆடத் தொடங்குவது அழைப்பு ஆகாது. "நா, டாங்க்ஷே" என்றால் வேண்டாம் என்று பொருள். அதற்கு உரிய பதில் "பஸ்ட் ஷோ", பரவாயில்லை. இரண்டாம் முறை கேட்காதீர்கள், சுற்றி நிற்காதீர்கள். விருப்பமில்லாமல் பாலியல் நோக்கில் தொடுவதே தனிக் குற்றம் என்று 2016இல் சட்டத்தை மாற்றினார்கள். யாராவது உங்களைத் தொட்டால் சத்தமாகச் சொல்லுங்கள், வாசல்காரரை அழையுங்கள். வெளியே தள்ளி, மறுபடி வரக்கூடாது என்று தடை போடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அவர்களிடம் சொல்லத் தயங்காதீர்கள். நான் தயங்கி ஒருமுறை பாதி இரவில் வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த வாரம் வாசல்காரரிடம் சொன்னபோது அவர் கேட்டது: "அன்னிக்கே ஏன் சொல்லல?"

தளத்தில் வீடியோ எடுக்காதீர்கள், வீட்டுக்கு வீடியோ அழைப்பும் போடாதீர்கள். அடுத்தவர் முகத்தை அனுமதி இல்லாமல் பரப்புவது இங்கே சட்டப்படியும் தவறு. சிற்றூரில் அது மறக்கப்படுவதும் இல்லை.

பவேரியாவில் 2010இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி உணவகங்களிலும் டிஸ்கோக்களிலும் புகைபிடிப்பதை முற்றாகத் தடை செய்தார்கள். அதனால் புகைப்பவர்கள் எல்லாம் வாசலுக்கு வெளியே நிற்பார்கள். நீங்கள் புகைக்காவிட்டாலும் மணிக்கு ஒருமுறை அங்கே போய் நில்லுங்கள். கையில் முத்திரை குத்தியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்ப உள்ளே வர முடியாது. பாட்டுச் சத்தம் இல்லாத ஒரே இடம் அதுதான். என் பி2 நிலை ஜெர்மன் மொழி வகுப்பு சொல்லித் தராத பவேரியப் பேச்சை நான் கற்றது அந்தக் கூரைக்குக் கீழேதான். காலையில் ஒரு முதியவர் வலியில் முனகும் வார்த்தை எனக்குப் புரிகிறது என்றால் அதற்கு அந்தக் குளிரில் நின்ற நேரங்களும் காரணம்.

வீடு திரும்புவது

போவதற்கு முன்பே திரும்புவதை முடிவு செய்யுங்கள். வால்ட்பான் கடைசி ரயில் எப்போது என்று அன்றைக்கே பாருங்கள். டிஸ்கோ சூடு பிடிக்கும் முன் அது போயிருக்கும். இரவு டாக்சி எங்கள் ஊரில் இரண்டே வண்டி. மூன்று மணிக்கு அழைத்தால் நாலரைக்கு வரும், அதனால் பத்து மணிக்கே சொல்லி வையுங்கள். சில மாவட்டங்களில் இளைஞர்களுக்கு டாக்சிக் கட்டணத்தில் சலுகை உண்டு, ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

காரில் என்றால் ஓட்டுகிறவர் ஒரு துளியும் குடிக்கக் கூடாது என்பது எங்கள் கூட்டத்தின் விதி. ரத்தத்தில் மது 0.5 புரோமிலை, அதாவது ஆயிரத்தில் அரைப் பங்கை, தொடாதவரை சட்டம் விடுகிறது. 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் உரிமம் வாங்கி இரண்டு ஆண்டுச் சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கும் பூஜ்யம்தான். இந்திய உரிமம் இங்கே குடியேறி ஆறு மாதம் வரைதான் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். மின் ஸ்கூட்டருக்கும் காருக்குள்ள அதே வரம்புதான். சைக்கிளில் 1.6ஐத் தொட்டால் குற்ற வழக்கு.

நடந்து போவதானால் ஒளிரும் மேலங்கி ஒன்றைப் பையில் மடித்து வையுங்கள். 2014 முதல் ஒவ்வொரு காரிலும் அது இருந்தாக வேண்டும் என்பதால் எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். ஊருக்கு வெளியே நடைபாதை இல்லாத சாலையில் இடது ஓரம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். குடித்த ஒருவரைக் குளிர்காலத்தில் தனியாக நடக்க விடவே விடாதீர்கள். மது தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கும். உடம்பு கதகதப்பாக இருப்பதாகத் தோன்றும், உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். "கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன்" என்று பனியில் உட்கார்ந்தவரை அவசரப் பிரிவில் நான் பார்த்திருக்கிறேன். கையைப் பிடித்து இழுத்தாவது கூட்டி வாருங்கள்.

திங்கட்கிழமை

டிஸ்கோவுக்குள் எல்லோரும் எல்லோருக்கும் "டூ", அதாவது நீ. வயது, பதவி எதுவும் பார்ப்பதில்லை. ஆனால் தளத்தில் "டூ" என்று உங்களோடு ஆடிய மூத்த மருத்துவர் திங்கட்கிழமை வார்டுச் சுற்றில் வந்தால் மறுபடி "ஸீ", அதாவது நீங்கள், என்றே தொடங்குங்கள். அதை மாற்ற வேண்டியவர் மூத்தவர்தான், அவரே சொல்வார். சொல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மருத்துவமனையில், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமானது ஒன்று. சிற்றூரில் நீங்கள் கவனித்துக்கொள்ளும் நோயாளியின் மகனும் மருமகளும் அதே டிஸ்கோவுக்குத்தான் வருவார்கள். போன பிப்ரவரியில் சின்னக் கூடத்தில் ஒரு பெண் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மூன்று நாளாக என் பிரிவில் படுத்திருந்த பாட்டியின் பேத்தி. பார்வை நேரத்தில் என்னைப் பார்த்திருக்கிறாள். "பாட்டி எப்படி இருக்காங்க? இன்னிக்கு சாப்பிட்டாங்களா?" என்று காதுக்குப் பக்கத்தில் கத்தினாள். சாப்பிட்டார், நானே ஊட்டினேன், அரைக்கிண்ணம் சூப். சொல்லத் துடித்தது மனசு. ஆனால் தொழில் ரகசியத்தைக் காப்பது இங்கே குற்றவியல் சட்டத்திலேயே இருக்கிறது. தளத்திலும் அது பொருந்தும், பேத்தியிடமும் பொருந்தும், நல்ல செய்திக்கும் பொருந்தும். அந்தப் பாட்டி என் வார்டில் இருக்கிறார் என்பதைக்கூட நான் பிறர் காதுபட ஒப்புக்கொள்ள முடியாது.

அவளிடம் சொன்ன வாக்கியத்தை நீங்களும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: "தாஸ் டார்ஃப் இஷ் நிஷ்ட் ஸாகன்." அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. நாளைக் காலை பத்து மணிக்குப் பார்வை நேரம், வந்து நீயே கேட்டுக்கொள் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் முகம் வாடியது, கையை விடவில்லை. "கும், டான்ஸ் மா," வா, ஆடலாம் என்றேன். இடது முன்னே, வலது முன்னே, தட்டு. அன்று நான்தான் நடத்தினேன். மறுநாள் பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் நேற்றைய மையும் கலையாமல் வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.